ஓய்வுக்காலப் பணம் எத்தனை வருஷம் வரும்? ஆன்லைன் கால்குலேட்டரில் கணக்குப் போடும் முறை

மும்பையில் முப்பது, நாற்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெறும்போது பி.எஃப்., கிராஜுவிட்டி, சேர்த்து வைத்த எஃப்.டி. எல்லாம் ஒன்றுகூடிப் பெரிய தொகையாகக் கைக்கு வருகிறது. அதே மாதம் சம்பளம் நின்றுபோகிறது. இந்தப் பணம் எத்தனை வருஷம் வரும் என்ற கேள்வி அன்றைக்கே வீட்டில் எழுந்துவிடும். மாட்டுங்காவில் இருந்தாலும் செம்பூரில் இருந்தாலும் டோம்பிவிலியில் இருந்தாலும் கேள்வி இதுதான்.

இதற்கு விடை சொல்லும் கால்குலேட்டர்கள் ஆன்லைனில் இலவசமாகவே இருக்கின்றன. வங்கிகள், மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் எல்லாம் தங்கள் தளங்களில் ஒன்று வைத்திருக்கின்றன. இரண்டு நிமிஷத்தில் விடை வந்துவிடும். ஆனால் ஒரே குடும்பத்தின் பணத்துக்கு ஒன்று 18 வருஷம் என்கிறது, இன்னொன்று 40 வருஷம் என்கிறது, மூன்றாவது தீரவே தீராது என்கிறது. மூன்றுமே கூட்டல் கழித்தலைச் சரியாகத்தான் செய்திருக்கும். கட்டங்களில் நாம் என்ன எண்ணை நிரப்பினோம், எந்தக் கட்டத்தை விட்டுவிட்டோம் என்பதில்தான் அத்தனை வித்தியாசமும். அந்தக் கட்டங்களை எப்படி நிரப்புவது, வரும் விடையை எப்படிப் படிப்பது என்பதை ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துப் பார்க்கலாம்.

செம்பூரில் சொந்த ஃபிளாட்டில் இருக்கும் கணவன் மனைவி. கணவருக்கு வயது 60, மனைவிக்கு 56. கையில் 1 கோடி ரூபாய். மாதச் செலவு 50,000, அதாவது வருஷத்துக்கு 6 லட்சம். பிள்ளைகளிடம் வாங்குவதில்லை என்று முடிவு. கடன் இல்லை.

சரியான கால்குலேட்டரைத் தேடுவது

'ரிடையர்மென்ட் கால்குலேட்டர்' என்று தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் வேலையில் இருப்பவர்களுக்கானவை. இப்போது வயது என்ன, எப்போது ஓய்வு, மாதம் எவ்வளவு சேமிக்க வேண்டும் என்று கேட்கும். நமக்கு வேண்டியது அது இல்லை. சேர்த்த பணத்திலிருந்து எடுத்துக்கொண்டே போனால் எவ்வளவு காலம் தாங்கும் என்று சொல்வதுதான் வேண்டும்.

எஸ்.டபிள்யூ.பி. (போட்ட பணத்திலிருந்து மாதாமாதம் ஒரு தொகை எடுக்கும் திட்டம்) கால்குலேட்டர் என்ற பெயரில் நிறைய இருக்கின்றன. மாதம் இவ்வளவு எடுத்தால் இத்தனை வருஷம் கழித்து எவ்வளவு மிஞ்சும் என்று காட்டும். பலவற்றில் விலைவாசிக்கான கட்டமே இருக்காது. நம் குடும்பத்தின் 1 கோடியை 7 சதவீத வருமானத்தில் போட்டு, வருஷம் 6 லட்சம் எடுப்பதாகச் சொல்லிப் பாருங்கள். வட்டியே 7 லட்சம் வரும்போது எடுப்பது 6 லட்சம்தானே? பணம் தீரவே தீராது என்றுதான் அது காட்டும். அதே 1 கோடி, அதே 7 சதவீதம், அதே 6 லட்சம். செலவு மட்டும் வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறும் என்று சேர்த்துச் சொன்னால் விடை 18 வருஷம். ஆகவே விலைவாசி அல்லது 'இன்ஃப்ளேஷன்' என்ற கட்டமோ, எடுக்கும் தொகையை வருஷாவருஷம் ஏற்றும் 'ஸ்டெப்-அப்' என்ற கட்டமோ இல்லாத கால்குலேட்டரை அப்படியே மூடிவிடுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் அங்குள்ள கால்குலேட்டர்களை அனுப்பி வைப்பார்கள். ஃபயர்கால்க் என்பது அவற்றில் பெயர் பெற்றது. 1871 முதலான அமெரிக்கச் சந்தை விவரங்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வருஷத்திலும் நீங்கள் ஓய்வு பெற்றிருந்தால் பணம் தாங்கியிருக்குமா என்று ஓட்டிப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை முறை தாங்கியது என்று சொல்லும். யோசனை அருமையானது. ஆனால் அதில் இருப்பது அமெரிக்கப் பங்குகள், அமெரிக்க விலைவாசி, அமெரிக்க அரசுப் பென்ஷனுக்கான கட்டம். அடிக்கடி காதில் விழும் 4 சதவீத விதியும் அங்கிருந்து வந்ததுதான். 1994இல் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர், அமெரிக்கப் பங்குகளும் அந்நாட்டு அரசுக் கடன் பத்திரங்களும் கலந்த முதலீட்டை வைத்து, முதல் வருஷம் 4 சதவீதம் எடுத்து அப்புறம் விலைவாசிக்கு ஏற்ப ஏற்றிக்கொண்டு போனால் குறைந்தது 30 வருஷம் தாங்கியது என்று காட்டினார். எல்லாவற்றையும் எஃப்.டி.யிலும் தபால் நிலையத்திலும் வைத்திருக்கும் நம் குடும்பத்துக்கு அதை அப்படியே ஒட்டவைக்க முடியாது.

இன்னொன்று. கணக்குப் போட உங்கள் மொபைல் எண்ணோ பான் எண்ணோ தேவையே இல்லை. எண்ணைக் கொடுத்தால்தான் விடை காட்டுவேன் என்று ஒரு தளம் கேட்டால் அடுத்த தளத்துக்குப் போய்விடுங்கள். ஓ.டி.பி. கேட்டால் கேள்விக்கே இடமில்லை, உடனே மூடுங்கள். 60 வயதில் கையில் கோடி ரூபாய் வைத்திருப்பவரைத் தேடி அலைகிறவர்கள் ஏராளம்.

கால்குலேட்டரைத் திறக்கும் முன் செலவை எழுதுங்கள்

எல்லாக் கட்டங்களிலும் மிக முக்கியமானது செலவுதான். அவசரமாக ஒரு எண்ணைச் சொல்லி நிரப்பிவிடுவதும் இதைத்தான். "மாசம் முப்பது, முப்பத்தஞ்சுல ஓடிடும்" என்பார் மாமா. பக்கத்தில் இருக்கும் மாமியைக் கேட்டால் வேறு எண் வரும். பெரும்பாலும் மாமி சொல்வதுதான் சரியாக இருக்கும், ஏனென்றால் காய்கறிக்காரர் முதல் வீட்டு வேலைக்கு வரும் பெண் வரை காசு கொடுப்பது அவர்தான். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். கடைசி 12 மாத வங்கி ஸ்டேட்மென்ட், யு.பி.ஐ. விவரம் இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் முழுவதும் கணக்கிலிருந்து வெளியே போன மொத்தத்தை எடுத்து, எஃப்.டி. போட்டது போன்ற சேமிப்பைக் கழித்தால் உண்மையான செலவு வந்துவிடும்.

மும்பையில் சொந்த வீடு இருந்தால் வாடகை இல்லை, ஆனால் வீட்டுக்குச் செலவே இல்லை என்று ஆகிவிடாது. சொசைட்டி மெயின்டெனன்ஸ் மாதாமாதம் வருகிறது. அதற்குள்ளேயே சிங்க்கிங் ஃபண்டு (பெரிய வேலைகளுக்காகச் சேர்க்கும் நிதி), ரிப்பேர் ஃபண்டு எல்லாம் அடங்கும். முப்பது வருஷப் பழைய கட்டடம் என்றால் வெளிப்பூச்சு, நீர்க்கசிவு, லிஃப்ட் மாற்றம் என்று திடீரென ஒரு பெரிய தொகையைப் பிரித்துக் கேட்பார்கள். அதை மாதச் செலவில் காட்ட முடியாது, தனியாக ஒதுக்க வேண்டும். ரீடெவலப்மென்ட் வரப்போகிற சொசைட்டியில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். புதுக் கட்டடத்தில் கூடுதல் லிஃப்ட், பார்க்கிங், ஜிம், ஜெனரேட்டர் எல்லாம் வரும்போது மெயின்டெனன்ஸ் பழையபடி இருக்காது. பில்டர் கார்பஸ் என்று ஒரு தொகை தருவார். அந்தப் பணத்தைப் புது மெயின்டெனன்ஸுக்கென்று தனியே வைப்பதுதான் நல்லது. அதையும் ஓய்வுக்கால முதலோடு சேர்த்து கால்குலேட்டரில் போட்டால் விடை உண்மையைவிட நன்றாகத் தெரியும்.

மும்பை மாநகராட்சி எல்லைக்குள் 500 சதுர அடி வரையிலான குடியிருப்புகளுக்கு 2022 ஜனவரி முதல் சொத்து வரி இல்லை. டோம்பிவிலி வேறு மாநகராட்சி, அங்கே இந்தச் சலுகையை எண்ணிக் கணக்குப் போடாதீர்கள்.

அப்புறம், வருஷத்தில் ஒன்றிரண்டு முறை மட்டும் வரும் செலவுகள். ஊருக்குப் போய்வருவது, குலதெய்வக் கோயில், உறவில் கல்யாணம், பேரன் பேத்திக்குச் செய்வது, தீபாவளி, வீட்டுச் சாமான் ரிப்பேர். மொபைல் ஒன்று நாலு வருஷம், ஃபிரிட்ஜ் ஒன்று பத்துப் பன்னிரண்டு வருஷம் வரும். எல்லாவற்றையும் வருஷக் கணக்கில் கூட்டி 12ஆல் வகுத்தால் மாதச் செலவு 38,000 என்று நினைத்தது 50,000 ஆவதை நீங்களே பார்ப்பீர்கள். வேலைக்குப் போகாததால் குறையும் செலவை, டிரெயின் பாஸ், அலுவலக உடை, வெளிச்சாப்பாடு, கழித்துக்கொள்ளலாம். அது சின்னத் தொகைதான்.

மருத்துவத்தை இந்தப் பட்டியலில் பாதி மட்டும் சேருங்கள். மாத மாத்திரை, டாக்டர் கட்டணம், டெஸ்ட், மெடிக்ளைம் பிரீமியம் ஆகியவை செலவுக் கட்டத்துக்குள் வரும். தனிநபர் மெடிக்ளைம் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை என்பது ஒரு ஆறுதல். ஆனாலும் வயது ஏற ஏற பிரீமியம் ஏறிக்கொண்டேதான் போகும். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கொடுக்காத பங்கு, வீட்டில் நர்ஸ் வைப்பது போன்றவற்றுக்குத் தனியாக ஒரு தொகை வைத்துவிட்டு, மீதியை மட்டும் கால்குலேட்டரில் போடுங்கள். 70 வயது தாண்டியவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை சிகிச்சை என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு கொண்டுவந்தது. கார்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கணக்கில் மட்டும் அதைக் கழிக்காதீர்கள்.

முதல் தொகை எவ்வளவு என்று எழுதுவது

இது சுலபம். எஃப்.டி., தபால் நிலையம், பி.பி.எஃப்., மியூச்சுவல் ஃபண்டு, பங்குகள், கைக்கு வந்த பி.எஃப். எல்லாவற்றையும் கூட்டுங்கள். குடியிருக்கும் வீடு, வீட்டு நகை, பிள்ளைக்குக் கொடுத்த கடன் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டாம். மகள் கல்யாணம் இன்னும் பாக்கி என்றால் அதற்கான தொகையை முதலிலேயே கழித்துவிடுங்கள். ஆறு மாதச் செலவை சேவிங்ஸ் கணக்கில் வைத்துவிட்டு அதையும் கழிப்பது என் பழக்கம்.

பென்ஷன் வருகிறவர்கள் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மத்திய, மாநில அரசுப் பென்ஷனுக்கு அகவிலைப்படி உண்டு, விலைவாசியோடு ஏறும். அதைச் செலவிலிருந்து தைரியமாகக் கழிக்கலாம். பி.எஃப். வழியாக வரும் இ.பி.எஸ். பென்ஷனோ, இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சாதாரண ஆன்னுயிட்டியோ (மொத்தமாகக் கட்டிய பணத்துக்குத் தவணையாக வரும் தொகை) ஏறாது. 15,000 ரூபாய் சம்பள வரம்பில் பென்ஷன் பங்கு கட்டியவருக்கு இ.பி.எஸ். அதிகபட்சம் 7,500 ரூபாய் அளவில்தான் வரும், கடைசிவரை அதேதான். செலவு 50,000இலிருந்து 1 லட்சமாக ஏறிய பிறகும் பென்ஷன் 7,500தான். செலவிலிருந்து கழித்து 42,500 என்று நிரப்பினால், அந்த 7,500ம் விலைவாசியோடு ஏறும் என்று கால்குலேட்டர் எடுத்துக்கொள்ளும். ஏறாத பென்ஷனைப் பாதியாக மட்டும் கழித்துக்கொண்டால் ஓரளவு சரியாக வரும். வீட்டு வாடகை வருமானம் இருந்தால் அது காலப்போக்கில் ஏறுவதால் முழுதாகக் கழிக்கலாம், வீடு காலியாக இருக்கும் மாதங்களை மட்டும் விட்டுவிட்டு.

வருமானமும் விலைவாசியும்: விடையைத் தீர்மானிக்கும் இரண்டு கட்டங்கள்

கால்குலேட்டரைத் திறந்ததும் வருமானக் கட்டத்தில் 12 சதவீதம் என்று ஏற்கெனவே நிரப்பியிருக்கும் தளங்கள் உண்டு. நம் குடும்பத்துக்கு அதை அப்படியே விட்டால் விடை 40 வருஷம். 10 சதவீதம் என்று குறைத்தால் 25 வருஷம். 8 என்றால் 20 வருஷத்துக்குச் சற்றுக் குறைவு. 7 என்றால் 18. (எல்லாவற்றிலும் விலைவாசி 6 சதவீதம்தான்.) ஒரே ஒரு எண்ணை மாற்றியதற்கு 22 வருஷ வித்தியாசம். மற்ற எந்தக் கட்டத்தைவிடவும் இந்தக் கட்டத்தில் அதிக நேரம் செலவழியுங்கள்.

உங்கள் எண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி? பணம் இருக்கும் இடங்களின்படி சராசரி எடுங்கள். கணவருக்கு 60 முடிந்துவிட்டதால் சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தில் அதிகபட்சமான 30 லட்சத்தைப் போடலாம். அதன் வட்டி 2023 ஏப்ரலில் 8.2 சதவீதமானது. மனைவிக்கு 56தான், அவர் பெயரில் இப்போது முடியாது. மீதியில் 50 லட்சம் 6.5 சதவீத எஃப்.டி., 20 லட்சம் மியூச்சுவல் ஃபண்டு என்று வைத்துக்கொள்வோம். ஃபண்டுக்கு நீண்ட காலத்தில் 10 சதவீதம் என்று எடுத்தால் 30 லட்சத்துக்கு 2.46 லட்சம், 50 லட்சத்துக்கு 3.25 லட்சம், 20 லட்சத்துக்கு 2 லட்சம், மொத்தம் 7.71 லட்சம். அதாவது 7.71 சதவீதம். இதை நான் 7 என்று குறைத்துத்தான் போடுவேன். காரணம், வட்டி இன்றுபோல் என்றும் இருக்காது. இதே சீனியர் சிட்டிசன் திட்டம் 2020 மார்ச்சில் 8.6 கொடுத்துக்கொண்டிருந்தது, ஏப்ரலில் ஒரேயடியாக 7.4க்கு இறங்கியது. போட்ட கணக்குக்கு 5 வருஷம் அதே வட்டி உறுதி. முடிந்து மறுபடி போடும்போது எந்த வட்டியோ அதுதான்.

வரி கட்டுகிறவர்கள் வரி போக மிஞ்சும் வருமானத்தைப் போட வேண்டும். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் இருப்பவருக்குத் தள்ளுபடியால் வரி விழுவதில்லை. ஆகவே 7 லட்ச வட்டி வரும் நம் குடும்பம் இதைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். பங்கு, ஃபண்டு விற்ற லாபத்துக்கு இந்தத் தள்ளுபடி பொருந்தாது. பெரிய பென்ஷனும் பெரிய வட்டியும் சேர்ந்து 20, 30 சதவீத அடுக்குக்குள் வருபவர்கள் 7 சதவீத எஃப்.டி.யை 5, 5.5 என்றுதான் நிரப்ப வேண்டும்.

விலைவாசிக் கட்டத்துக்கு வருவோம். ரிசர்வ் வங்கியின் இலக்கு 4 சதவீதம், 2 முதல் 6 வரை ஏற்றத்தாழ்வு இருக்கலாம் என்பது வரம்பு. செய்தியில் ஒரு மாதம் 2க்கும் கீழே வந்துவிட்டது என்று படித்துவிட்டு 3 என்று நிரப்பிவிடாதீர்கள். 2009-10, 2010-11 இரண்டு நிதியாண்டுகளிலும் தொழிலாளர்களுக்கான விலைவாசிக் குறியீடு 10 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அரசு விலைவாசியைக் கணக்கிடும் பட்டியலில் மருந்தும் ஆஸ்பத்திரியும் ஒரு சிறு பங்குதான், 75 வயதில் நம் வீட்டுப் பட்டியலில் அவை முன்வரிசைக்கு வந்துவிடும். 6 என்று வையுங்கள். 6 சதவீதம் என்றால் 12 வருஷத்தில் செலவு இரண்டு மடங்கு. இன்றைய 50,000, அவருக்கு 72 வயதாகும்போது 1 லட்சம்.

இரண்டு எண்களையும் தனித்தனியாகப் பார்ப்பதைவிட இடைவெளியைப் பாருங்கள். வருமானம் 7, விலைவாசி 6 என்றால் இடைவெளி 1. வருமானம் 9, விலைவாசி 8 என்றாலும் விடை ஏறக்குறைய அதேதான் வரும். பெரும்பகுதியை வட்டியில் வைத்திருக்கும் குடும்பம் 1 அல்லது 2க்கு மேல் இடைவெளி போட்டால் அந்த விடையை நம்பிச் செலவு செய்வது ஆபத்து.

எத்தனை வயது வரை என்று கேட்கும் கட்டத்தில் பலர் 80 என்று போடுகிறார்கள். கணவருக்கு 80 ஆகும்போது மனைவிக்கு 76தான். இளையவருக்கு 90 ஆகும் வரை என்று வையுங்கள். நம் குடும்பத்துக்கு அது 34 வருஷம். 18 வருஷத்தில் பணம் தீர்ந்தால் அவருக்கு 78, மனைவிக்கு 74.

விடைக்குக் கீழே இருக்கும் அட்டவணை

கால்குலேட்டர் பெரிய எழுத்தில் காட்டும் அந்த ஒற்றை எண்ணோடு நிற்காதீர்கள். நல்ல கால்குலேட்டர் என்றால் கீழே வருஷவாரியாக அட்டவணை தரும். இல்லையென்றால் நோட்டிலோ எக்செலிலோ நீங்களே எழுதிவிடலாம். வருஷத் தொடக்கத்தில் இருக்கும் பணம், அந்த வருஷச் செலவு, கழித்தது போக மீதி, அந்த மீதிக்கு வருமானம் என்று நாலு பத்தி போதும். அடுத்த வருஷச் செலவு இந்த வருஷத்தைப்போல் 1.06 மடங்கு.

நம் குடும்பத்தின் அட்டவணையைப் பாருங்கள். முதல் வருஷம் 1 கோடியில் 6 லட்சம் எடுத்து, மீதி 94 லட்சத்துக்கு 7 சதவீதம் சேர்ந்தால் வருஷ முடிவில் 1 கோடியே 58 ஆயிரம். இரண்டாம் வருஷம் 6.36 லட்சம் எடுத்த பிறகும் முடிவில் 1 கோடியே 82 ஆயிரம். நாலு வருஷம் முடிந்தும் கையில் 1 கோடிக்குக் குறையவில்லை! இந்த நாலு வருஷத்தில்தான் "முதல் அப்படியே இருக்கு, வட்டியிலதான் சாப்பிடறோம்" என்று நிம்மதி வருகிறது. காரை மாற்றுவதும், பிள்ளையின் வீட்டுக் கடனுக்கு 15 லட்சம் தூக்கிக் கொடுப்பதும் இந்தக் காலத்தில்தான் நடக்கிறது. அதே அட்டவணையில் இன்னும் கீழே போங்கள். 10 வருஷ முடிவில் 83.5 லட்சம். 13 வருஷ முடிவில் 63 லட்சம். 15 வருஷ முடிவில் 43 லட்சம். 17 வருஷ முடிவில் 16.7 லட்சம், ஆனால் அடுத்த வருஷச் செலவு மட்டுமே 16 லட்சத்துக்கு மேல். பதினெட்டாவது வருஷத்தோடு பெட்டி காலி. முதல் நாலு வருஷத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையாத பணம், கடைசி ஐந்து வருஷத்தில் 63 லட்சத்திலிருந்து சுழியத்துக்கு வந்துவிடுகிறது. இது முதல் வருஷமே கண்ணுக்குத் தெரிய வேண்டும். அறுபது வயதில் செலவைக் கொஞ்சம் திருத்த முடியும், எழுபத்தைந்தில் முடியாது.

ஒரு முறை ஓட்டினால் போதாது

முதலில் நீங்கள் நம்பும் எண்களை வைத்து ஓட்டுங்கள். அப்புறம் விலைவாசியை மட்டும் 8 ஆக்கி ஓட்டுங்கள். நம் குடும்பத்துக்கு 18 வருஷம் 15½ ஆகிவிடும். அடுத்து விலைவாசியை 5க்கு இறக்கினால் 20ஐ நெருங்கும். ஆக விடை 'பதினைந்திலிருந்து இருபது' என்றுதான் நோட்டில் எழுத வேண்டும்.

பங்கிலோ ஃபண்டிலோ பெரும்பகுதி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு, கால்குலேட்டர் அதைத் தானாகச் செய்யாது. எல்லா வருஷமும் சமமாக 7 சதவீதம் வரும் என்று அது நினைத்துக்கொள்கிறது. சந்தை அப்படி நடப்பதில்லை. 2008இல் சென்செக்ஸ் ஒரே வருஷத்தில் பாதிக்கு மேல் விழுந்தது. நம் அட்டவணையில் ஓய்வு பெற்ற முதல் வருஷமே 20 சதவீதம் நஷ்டம் என்றும், மற்ற எல்லா வருஷமும் 7 சதவீதம் லாபம் என்றும் வையுங்கள். பணம் 13 வருஷம் முழுதாக வந்து பதினாலாவது வருஷம் நடுவிலேயே தீர்கிறது. அதே 20 சதவீத நஷ்டம் பன்னிரண்டாவது வருஷம் வந்தால் 16 வருஷம் வரை தாங்குகிறது. விழுந்த நேரத்தில் விற்றுச் சாப்பிட்ட யூனிட் சந்தை எழும்போது கையில் இல்லை, அதனால்தான் இந்த வித்தியாசம். முதல் நாலைந்து வருஷச் செலவை வட்டி தரும் இடத்தில் வைத்துவிட்டு, ஃபண்டை அந்தக் காலத்தில் தொடாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

'மான்டி கார்லோ' என்று போட்ட கால்குலேட்டர்கள் இந்த ஏற்ற இறக்கத்தை ஆயிரக்கணக்கான முறை மாற்றி மாற்றி ஓட்டி, 80 சதவீதம் வெற்றி என்பதுபோல் விடை தரும். 80 சதவீதம் என்றால் ஐந்தில் ஒரு முறை பணம் முன்கூட்டியே தீர்ந்தது என்று படிக்க வேண்டும். அது உள்ளே எந்த நாட்டுச் சந்தையை வைத்து ஓட்டுகிறது என்று பார்க்காமல் ஏற்காதீர்கள்.

எந்தக் கால்குலேட்டரிலும் கட்டம் இல்லாத ஓர் ஆபத்தும் இருக்கிறது: பணம் போட்ட இடமே முடங்குவது. 2019 செப்டம்பரில் மும்பையின் பி.எம்.சி. (பஞ்சாப் அண்டு மகாராஷ்டிரா கோஆபரேடிவ்) வங்கி மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது, முதலில் ஒரு கணக்கிலிருந்து 1,000 ரூபாய் மட்டுமே எடுக்க அனுமதி இருந்தது. அப்போது வங்கி மூழ்கினால் ஒருவருக்குக் கிடைக்கும் டெபாசிட் காப்பீடு 1 லட்சம்தான், 2020 பிப்ரவரியில் 5 லட்சமாக உயர்ந்தது. அரை சதவீதம் கூடுதல் வட்டிக்காகச் சிறிய வங்கியில் போடுகிறவர்கள் வட்டியையும் சேர்த்து ஒரு வங்கியில் ஒரு பெயரில் 5 லட்சத்துக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள்.

விடை போதவில்லை என்றால்

34 வருஷம் வேண்டும், 18தான் வருகிறது. இப்போது கால்குலேட்டரைத் திருப்பி ஓட்டுங்கள். 7க்கு 6 என்ற அதே இடைவெளியில் 34 வருஷம் வர வேண்டுமானால், முதல் வருஷம் மாதம் சுமார் 28,500தான் எடுக்க முடியும். 50,000 செலவழிக்கும் வீட்டுக்கு இது பயமுறுத்தும் எண்தான். ஆனால் ஒரே அடியில் அங்கே போக வேண்டியதில்லை. செலவு 45,000 என்றால் 20 வருஷம், 40,000 என்றால் 23 வருஷம் என்று படிப்படியாகப் போட்டுப் பாருங்கள்.

கணவர் இன்னும் இரண்டு வருஷம் ஏதாவது வேலை பார்த்து, சேமிக்காவிட்டாலும் வீட்டுச் செலவை மட்டும் பார்த்துக்கொண்டால், முதலைத் தொடாமல் அது 1.14 கோடி ஆகும். இன்றிலிருந்து 20 வருஷத்துக்கு மேல் பணம் வரும். கணக்கு எழுதுவது, டியூஷன், ஆலோசகர் வேலை என்று இந்த நகரத்தில் அறுபது தாண்டியவர்களுக்கும் வேலை கிடைக்கிறது.

மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் மனதில் எப்போதும் இருக்கும் யோசனை ஊருக்குத் திரும்புவது. அதையும் எண்ணாகப் போட்டுப் பாருங்கள். செம்பூர் ஃபிளாட்டை விற்காமல் வாடகைக்கு விட்டு, கோயம்புத்தூரிலோ திருநெல்வேலியிலோ வாடகைக்குப் போனால், இரண்டு வாடகைக்கும் உள்ள வித்தியாசம் மாதம் 15,000 மிஞ்சுவதாக வைப்போம். செலவுக் கட்டத்தில் 35,000 என்று நிரப்பினால் விடை ஏறக்குறைய 27 வருஷம். நான் பார்த்த வரையில் 18ஐ 27 ஆக்கும் வேறு வழி எதுவும் இவ்வளவு எளிதாக இல்லை. ஆனால் பழகிய டாக்டர், அக்கம்பக்கம், பிள்ளை இருக்கும் இடம் ஆகியவற்றைக் கால்குலேட்டர் கேட்காது. ஃபிளாட்டை விற்றுவிடலாம் என்று தோன்றினாலும், அதற்கு முன் ஒரு வருஷம் அங்கே இருந்து பார்ப்பது நல்லது. விற்ற பணத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு என்பதால் வரி போக மிஞ்சியதைத்தான் முதல் தொகையோடு சேர்க்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் குழப்பம் இருந்தால் செபியில் (பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பு) பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகரிடம் கட்டணம் கொடுத்துக் கேளுங்கள். பதிவு பெற்றவர்களின் பட்டியல் செபி தளத்திலேயே இருக்கிறது. அட்டவணையைக் கையோடு எடுத்துப் போங்கள், பேச்சு நேராக விஷயத்துக்கு வரும்.

கடைசி வேலை, ஓட்டிய கணக்கைப் பிரின்ட் எடுத்து, என்ன எண்களை நிரப்பினீர்கள் என்று மேலே எழுதி, வங்கிப் பாஸ்புக்குகள் இருக்கும் ஃபைலிலேயே வையுங்கள். வீட்டில் இருவருக்கும் அந்த இடம் தெரிய வேண்டும். ஒவ்வொரு ஏப்ரலும் அதை எடுங்கள், அப்போது வருஷ வட்டி விவரம் வங்கியிலிருந்து கிடைத்துவிடும். பிரின்டில் அந்த வருஷத்துக்கு எழுதியிருக்கும் தொகையையும் கையில் உண்மையில் இருக்கும் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நாலாவது வருஷத் தொடக்கத்தில் அட்டவணை 1 கோடியே 66 ஆயிரம் என்கிறது, கையில் 96 லட்சம்தான் இருக்கிறது என்றால், அந்த நாலரை லட்சம் வட்டி குறைந்ததால் போனதா, செலவு கூடியதால் போனதா என்று பிரித்துப் பாருங்கள். பிறகு 96 லட்சத்தையும் போன வருஷத்து உண்மைச் செலவையும் புதுக் கணக்கின் முதல் வரியாக வைத்து மறுபடி ஓட்டுங்கள்.